டிப்பர் ஜாக்கி: காலி பாடி முழுசா ஏறுது, லோடோட மூணாவது பைப்புல நிக்குது

ஆறுசக்கரம்:
டிப்பர் பாடியைத் தூக்கும் முன்பக்க டெலஸ்கோப் ஜாக்கி, நாலு ஸ்டேஜ் (ஒன்றுக்குள் ஒன்றாக நாலு பைப்). காலி பாடி எந்தத் தடையும் இல்லாமல் முழுசா ஏறுது. ஈர மண் ஏற்றினால் ரெண்டு பைப் வெளியே வந்து, மூணாவது பாதியில் நின்றுவிடுது. அதுவும் ஆயில் சூடான பிறகுதான். முதல் ரெண்டு நடையில் பிரச்சினை இல்லை. இன்னொன்று, லீவரை நியூட்ரலில் விட்டால் பாடி தானாக மெல்ல இறங்குது. ஜாக்கியில் எங்கேயும் கசிவு தெரியவில்லை. சீல் கிட் (ஜாக்கியின் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பிஸ்டன்:
சீல் கிட்டில் கை வைக்காதீர்கள். இந்த வகை ஜாக்கி ஒற்றைச் செயல்: ஆயில் தூக்கும், பாடியின் எடைதான் இறக்கும். சீல் போனால் அந்த ஆயில் வெளியே வழிவதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. உங்கள் ஜாக்கி காய்ந்து இருக்கிறது என்றால் சீல் நன்றாக இருக்கிறது.

மூணாவது பைப்பில் ஏன் நிற்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கியர்பாக்ஸில் இருந்து சுழற்சியை எடுத்துக்கொடுக்கும் பி.டி.ஓ. பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் டேங்கில் இருந்து ஆயிலை இழுத்து, டிப்பிங் வால்வு வழியாக ஜாக்கிக்குத் தள்ளுகிறது. பம்ப் தருவது ஓட்டம் மட்டுமே. பிரஷரை உண்டாக்குவது மேலே இருக்கும் லோடு. உதாரணத்துக்கு பைப்புகளின் விட்டம் 150, 130, 110, 90 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 பார் பிரஷரில் முதல் பைப் சுமார் 27 டன் தள்ளும், மூணாவது 14.5 டன், கடைசி 10 டன்கூட இல்லை. பாடி சாயச் சாய லோடின் எடை பின் கீலுக்கு நேராக நகர்வதால் தேவையான பலமும் குறையும். அதை நம்பித்தான் மேல் பைப்புகளைச் சிறிதாகச் செய்கிறார்கள். ஈர மண் முன்சுவரில் ஒட்டிக்கொண்டு சரியாமல் நின்றால் எடை முன்னாலேயே இருக்கும், பைப்போ சிறியதாகிவிட்டது. பம்பின் பலவீனம் வெளிப்படும் இடம் அதுதான்.

பம்புக்கும் வால்வுக்கும் இடையே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு 0–250 பார் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். நீளமான ஓஸ் கொடுத்து, பாடிக்கு வெளியே நின்று படிக்கிற மாதிரி வையுங்கள். பாடி நிற்கும்போது கேஜ் ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் வால்வு) செட்டிங்கைத் தொட்டால் சிஸ்டம் சரி, லோடுதான் அதிகம் அல்லது ஒட்டிக்கொண்டது. தொடவில்லை என்றால் பம்ப் அல்லது ரிலீஃப் வால்வு. அந்த நிலையில் லீவரை 5 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

ஆறுசக்கரம்:
பார்த்தாச்சு. வால்வு பிளேட்டில் 170 பார் என்று போட்டிருக்கு. ஆயில் சூடாக இருக்கும்போது 115-ல் நிற்குது. ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் கொடுத்தால் 140 வரை ஏறி, பாடியும் மெல்ல நகருது.

கியர்பல்:
அந்த ஆக்ஸிலேட்டர் சமாச்சாரமே பதில்: பம்ப் தேய்ந்துவிட்டது. ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஆர்.பி.எம். ஏற்றினாலும் கேஜ் பெரிதாக மாறாது. அது திறக்கும் பிரஷரில் திறந்துகொண்டே இருக்கும், டேங்குக்குத் திரும்பும் ஓஸில் சீறல் கேட்கும். தேய்ந்த பம்பில் உள்ளே சுற்றும் பல்சக்கரங்களின் பற்களுக்கும் பக்கத் தட்டுக்கும் நடுவே ஆயில் பின்னால் நழுவுகிறது. ஆயில் சூடாகி இளகினால் நழுவல் கூடும், வேகமாகச் சுற்றினால் நழுவலைத் தாண்டி மிச்சம் வரும். லோடில் நிற்பது, சூடான பிறகு நிற்பது, ஆக்ஸிலேட்டரில் ஏறுவது என்ற மூன்று அறிகுறியும் இதில் அடங்கிவிடுகிறது. ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை இறுக்கிப் பார்க்கும் வழக்கத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தேய்ந்த பம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. புதுப் பம்ப் போட்ட அன்றைக்கு ஓஸ் வெடிக்கும்.

பம்பை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். டேங்கைக் கழுவி, பம்ப் ஆயிலை இழுக்கும் பக்கத்து சக்‌ஷன் வலையையும் ரிட்டர்ன் ஃபில்டரையும் மாற்றுங்கள். சக்‌ஷன் ஓஸின் உட்புற ரப்பர் உரிந்து மடிந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். வெளியில் நன்றாகவே தெரியும், உள்ளே அடைத்திருக்கும். பம்ப் சுற்றும் திசை, வலமா இடமா என்பது, பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றி மாட்டினால் ஷாஃப்ட் சீல் உடனே பிதுங்கிவிடும். சக்‌ஷன் பக்கம் ஆயில் ஊற்றி நிரப்பி, டேங்க் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பி.டி.ஓ. போடுங்கள்.

ஆயில் மட்டத்தைப் பாடி இறங்கி இருக்கும்போது பார்க்க வேண்டும். மேலே பிஸ்டன் சொன்ன விட்டங்களில் ஒவ்வொரு பைப்பும் 1 மீட்டர் என்றால் ஜாக்கி மட்டுமே 47 லிட்டர் குடிக்கும். அதற்கு மேல் டேங்கில் மிச்சம் இல்லாவிட்டால் கடைசி பைப்பில் காற்று உள்ளே போகும், பாடி உதறும்.

பிஸ்டன்:
தானாக இறங்குவது தனிக் கோளாறு, பம்ப் மாற்றினால் போகாது. டிப்பிங் வால்வுக்குள் ஆயிலைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு இருக்கிறது. அது அமரும் இடத்தில் தூசி உட்கார்ந்திருக்கும், அல்லது ஸ்பூலில் (லீவரோடு நகர்ந்து ஆயில் வழியைத் திறந்து மூடும் தண்டு) கோடு விழுந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பூலில் நகத்தில் தட்டுப்படும் கோடு இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும்.

சேஸிஸ்:
அந்த வால்வைச் சரிசெய்யும்வரை பாடிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட வேண்டாம். பாடி காலியாக இருக்கும்போது மட்டும் முட்டுக்கட்டை கொடுத்து வேலை பாருங்கள். லோடோடு முட்டுக்கட்டை தாங்காது, அது காலி பாடிக்கு மட்டும் செய்தது.

மேடு பள்ளத்தில் தூக்க வேண்டாம். இந்த ஜாக்கிக்கு நேராகத் தள்ளத்தான் பலம். பக்கவாட்டுச் சுமை வந்தால் பைப் வளையும், பிறகு சிறிய பைப் முந்தி வந்து பெரியது திடீரென்று உதறி எழும். ஈர மண் ஒட்டினால் பாடியை இறக்கி டக்கென்று நிறுத்தி உதறுகிறார்களே, அந்த அதிர்ச்சி பிரஷர்தான் பைப்பின் காலரை (பைப் முழுசாக வெளியே வந்துவிடாமல் தடுக்கும் வளையம்) விரிக்கிறது. முழு உயரத்துக்குச் சற்று முன்பே ஆயிலை வெட்டும் லிமிட் வால்வையும் சரிபாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் ஒவ்வொரு நடையிலும் அதே காலர்தான் அடி வாங்கும்.

பாடி இறங்கியதும் பி.டி.ஓ.வை எடுத்துவிட்டே வண்டியை நகர்த்துங்கள். மறந்து ஓட்டினால் பம்ப் விடாமல் சுற்றி ஆயில் கொதிக்கும். லீவர் தெரியாமல் நகர்ந்தால் ஓடும் வண்டியில் பாடி எழுந்து மின்கம்பியைத் தொடும். உங்கள் பம்ப் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்ததற்கு இதுவே காரணமா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்.