மறு: மறு: ‘பயாஸ்’ – சார்பா, சாய்வா, கோட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘பயாஸ்’ (bias) என்கிறார்களே, நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் போடுவது என்று மூன்று நாளாக இந்த இழை நீள்வதை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நேற்று கைக்கு வந்த ஒரு வேலை என்னையும் எழுத வைத்துவிட்டது.

ஒரு குக்கருக்காகச் செயற்கை நுண்ணறிவு எழுதிய 10 விளம்பர வாசகங்கள் திருத்தத்துக்கு வந்தன. மொழி சுத்தம், ஒற்றுப்பிழைகூட அதிகமில்லை. 7 வாசகங்களில் குக்கரைத் திறப்பவள் மருமகள், ருசி பார்த்துத் தலையாட்டுபவர் மாமியார். மீதி மூன்றிலும் ஆபீஸ் முடிந்து களைத்து வரும் அப்பா. கருவிக்குக் கொடுத்த குறிப்பை வாங்கிப் பார்த்தேன். 5 லிட்டர், 5 ஆண்டு உத்தரவாதம், இண்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கலாம், அவ்வளவுதான். குடும்பம் என்ற பேச்சே அதில் இல்லை.

மருமகளை எடுத்துவிட்டு மருமகனைப் போட்டுப் பார்த்தேன்: ‘மாமியார் மெச்சும் மருமகனின் கைப்பக்குவம்!’ பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எதற்குச் சிரித்தாரோ அதற்குத்தான் நாம் இங்கே பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> பாரபட்சம் என்றாலே எல்லாருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரியும், தேவைக்கு மேலேயே புரியும். பாரபட்சம், ஓரவஞ்சனை இரண்டுக்கும் பின்னால் தெரிந்தே செய்கிற ஓர் ஆள் நிற்கிறார். பந்தியில் வேண்டியவர் இலைக்கு மட்டும் இரண்டாவது வடை வைக்கிறவர். இயந்திரத்துக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்று யாரும் கிடையாது. படித்த குவியலில் எது மிகுதியோ அது எழுத்திலும் மிகுதியாக வருகிறது. ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் எழுதிக் குவித்த ‘சிவப்பழகு’ வாசகங்களை அந்தக் குவியலிலிருந்து யார் எடுப்பது? வாடிக்கையாளருக்கு அனுப்பும் திருத்தத்தில் ‘பாரபட்சம்’ என்று குறித்தால் அவர் சண்டைக்கு வருவார், அதிலும் நியாயம் இருக்கிறது.

> ‘சார்பு’ போதும் என்பது என் கட்சி.

சார்பு நல்ல சொல், ஆனால் ஏற்கெனவே ஒண்டுக்குடித்தனம். பள்ளிக் கணக்கில் சார்பு என்றால் ஃபங்ஷன். இயற்பியலில் டையோடுக்கு முன்னோக்குச் சார்பு (ஃபார்வர்டு பயாஸ்). சாய்வும் அதே கதை, வரைபடத்தில் ஸ்லோப். இயந்திரக் கற்றல் பாடத்தில் இவை எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

என் வாக்கு கோட்டத்துக்கு. கோணல் என்று பொருள்.

சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின் (119)

எதற்கெடுத்தாலும் குறளை இழுக்கும் வியாதி எனக்கே பிடிக்காது. இங்கே இழுப்பதற்குக் காரணம், இந்த ஈரடி நமக்குத் தேவையான இரண்டு பொருளையும் பிரித்தே கொடுத்துவிடுகிறது. வாசகத்தில் கண்ணுக்குத் தெரிவது சொற்கோட்டம், எழுதும் இயந்திரத்தின் மாதிரிக்குள் (மாடல்) பதிந்து கிடப்பது உட்கோட்டம். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: உள்ளே கோணல் இல்லை என்பது உறுதியானால்தான் சொல்லின் நேர்மையை நம்பலாம்.

அமேசான் பட்டது இதைத்தான். 10 ஆண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கிய ஆள்தேர்வுக் கருவி, ‘பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவர்’ என்பதுபோல ‘பெண்கள்’ என்று வந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அத்தகைய சொற்களைக் கணக்கில் எடுக்காதபடி திருத்தினார்கள். வேறு வழியில் அதையே செய்யாது என்று உறுதி சொல்ல முடியாமல் போனது. திட்டம் கைவிடப்பட்டதை 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. சொற்கோட்டத்தைத் துடைத்தும் உட்கோட்டம் போனதா என்று தெரியவில்லை.

மூன்றாவதாகவும் ஒன்று வேண்டும். வாசகம் நேராக இருந்தும் அது போய்ச் சேரும் ஆட்கள் கோணலாக அமைவது. 2019-ல் ஃபேஸ்புக்கில் நடந்த ஆய்வில், ஆண் பெண் என்று பிரிக்காமல்தான் வேலை விளம்பரங்களைக் கொடுத்தார்கள். மரம்வெட்டும் வேலை விளம்பரங்களைப் பார்த்தவர்களில் ஆண்கள் 90 விழுக்காடு வரை, சூப்பர்மார்க்கெட் கேஷியர் வேலைக்குப் பெண்கள் 85 விழுக்காடு வரை. இதற்குச் ‘சேர்ப்புக்கோட்டம்’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், பிடிவாதம் இல்லை.

> கோட்டம் என்றதும் மின்வாரியச் செயற்பொறியாளர்தான் ஞாபகம் வருகிறார்.

எனக்கும்தான். வள்ளுவர் கோட்டமும் வருகிறது. அதனால் சொல்லைத் தனியே விடாமல் தரவுக்கோட்டம், சொற்கோட்டம் என்று கூட்டாகவே ஆள்வோம். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கோட்டமறிதல். வினை வேண்டிய இடத்தில் ‘கோடுகிறது’ என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, செத்துப்போன வினை. ‘ஒரு பக்கம் சாய்கிறது’ என்றே எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து

*

வணக்கம்.

அந்த வினையை அவசரப்பட்டுப் புதைக்க வேண்டாம். எங்கள் பௌதிக வகுப்பில் இருவாயிக்கு முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என்றுதான் படிப்பித்தோம். நீங்கள் டையோடுக்குச் சார்பு என்று சொல்கிற அதே இடம்தான். ஆனபடியால் மின்னியலுக்குக் கோடல், இதற்குக் கோட்டம் என்று இரண்டும் முட்டாமல் நிற்கும். வேர் ஒன்று என்பதில் எனக்குச் சந்தோசம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே பத்திரிகைகளில் ‘பக்கச்சார்பு’ நன்றாக ஊறிவிட்டது. பட்டியலில் அதையும் பக்கத்தில் போடுங்கள். தேடுகிற ஆளுக்கு அகப்பட வேணும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

ஐயா, கோடல் எனக்குப் புதுச் செய்தி. வினையைப் புதைத்ததற்கு மன்னிக்கவும், பக்கச்சார்பையும் சேர்த்துவிட்டேன்.

குக்கர் வாசகங்களில் ‘சொற்கோட்டம்: மருமகள்’ என்று ஓரத்தில் குறித்து அனுப்பியிருந்தேன். சண்டை வரவில்லை, என்ன அர்த்தம் என்று போன் போட்டுக் கேட்டார்கள். இன்று காலை புதிதாக 10 வந்திருக்கின்றன. மருமகள் எங்குமே இல்லை. பத்திலும் அம்மா.