ஊக்கத்தொகை தனி ஆளுக்கா, குழுவுக்கா?

கேள்வி

வணக்கம். கோவையில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். யார் பெயரில் பில் விழுகிறதோ அவருக்கே இன்சென்டிவ் என்பது எங்கள் நடைமுறை. காலையில் ஒருவர் நெடுநேரம் நின்று வாஷிங் மெஷின் வகைகளை விளக்கி அனுப்பிய வாடிக்கையாளர், மாலையில் குடும்பத்தோடு திரும்பி வரும்போது, வாசலில் எதிர்கொள்ளும் வேறொருவர் தம் பெயரில் பில் போட்டுவிடுகிறார். இதனால், விசாரிக்க மட்டும் வருபவருக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. குடோனில் எந்த மாடல் இருப்பில் இருக்கிறது என்பதைக்கூட ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. முழுத் தொகையையும் தளத்துக்குப் பொதுவாக்கினால், நன்றாக விற்பவர்கள் விலகிவிடுவார்களா?

பதில் 1

பொதுவாக்குங்கள். அமெரிக்காவின் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் 1994இல் நேரந்தவறாமையில் பெரிய விமான நிறுவனங்களின் பட்டியலில் கடைசியில் இருந்தது. 1995இல், அப்பட்டியலில் முதல் 5 இடங்களுக்குள் வரும் மாதங்களில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் 65 டாலர் என்று அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. பெட்டி ஏற்றுபவர் தாமதித்தால் எல்லோருக்கும் பணம் கிடைக்காமல் போகும் என்பதால், மேலதிகாரி சொல்லாமலே சக ஊழியர்கள் ஒருவரையொருவர் முடுக்கினார்கள்.

பதில் 2

விமானம் புறப்படுவதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கடை விற்பனையில் பெருமளவு பிரிக்கலாம். முழுவதும் பொதுவானால், உழைக்காதவரும் அதே தொகையைப் பெறுவதைப் பார்த்துத்தான் திறமையானவர் மனம் விட்டுப்போவார். அது நியாயமான கோபமும்கூட.

பதில் 3

தனி ஆளுக்குக் கொடுப்பதையும் ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதையும் ஒன்றாகக் கருத வேண்டாம். பின்னதில், அடுத்தவர் தோற்றாலே நமக்கு லாபம். மைக்ரோசாஃப்ட் அத்தகைய தரவரிசையை 2013 நவம்பரில் கைவிட்டது. உங்கள் கடையில் மாதத்தின் முதல் விற்பனையாளர் என்ற பரிசு இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.

இன்சென்டிவில் ஒரு பாதியைத் தளத்தின் டார்கெட்டோடு இணைத்துவிட்டு, மறுபாதியைத் தனி ஆளுக்கே விடலாம். விசாரிக்க வந்தவரின் கைப்பேசி எண்ணை, விளக்கியவர் பெயரோடு அன்றே பதிந்துவைத்தால், பில் போடும்போது அந்தத் தனிப் பங்கை இருவருக்கும் பிரிக்கலாம். ஆடித் தள்ளுபடி முடிந்ததும் ஊழியர்களை உட்கார வைத்துப் பேசி, தீபாவளி விற்பனைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். விற்பனை சூடுபிடித்த நேரத்தில் கணக்கை மாற்றினால், பணத்தைக் குறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.