கழல்கணினியா, கழற்றுகணினியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பாலிடெக்னிக்கில் கணிதமும் இயற்பியலும் நடத்தும் ஆசிரியர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். திரையில் கையால் எழுதிப் பாடம் நடத்தவும், மதிப்பெண் பட்டியல், கடிதம் போன்ற அலுவலக வேலைகளைப் பார்க்கவும் ஒரே கணினி போதும் என்று நினைப்பவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். விசைப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையை மட்டும் கையில் ஏந்தி எழுதக்கூடிய கணினி வகைக்கு நிலைத்த பெயர் நம்மிடம் இல்லாததால் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சென்ற வாரம் இங்கே கேட்டபோது இருநிலைக் கணினி, பலகைக் கணினி, பிரிகணினி ஆகிய சொற்கள் வந்தன. டேப்லெட் என்றே எழுதிவிட்டால் என்ன என்ற கேள்வியும் வந்தது. ஒவ்வொன்றையும் கையேட்டின் வாக்கியங்களில் இட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

இருநிலைக் கணினி என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பெயரால் ஏமாந்தவன் நான். கடையில் போய் ‘டூ இன் ஒன்’ வேண்டும் என்று கேட்டேன். விற்பனையாளர் ஒன்றை எடுத்து, திரையைப் பின்பக்கமாக முழுவட்டம் திருப்பி, மேசைமேல் படுக்க வைத்து, இதோ டேப்லெட் ஆகிவிட்டது பாருங்கள் என்றார். நானும் தலையாட்டி வாங்கி வந்தேன். மறுநாள் வகுப்பில் அதை இடக்கையில் ஏந்தி எழுதத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில்தான் உண்மை புரிந்தது. விசைப்பலகை எங்கும் போய்விடவில்லை. திரைக்கு அடியில் மடங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடையாக என் முன்கையில் உட்கார்ந்திருந்தது. அந்த நிலையில் விசைகள் வேலை செய்யாதவாறு கணினியே நிறுத்திவிடுகிறது என்றாலும், ஏந்தும் விரல்களுக்குக் கீழே அவை அமுங்கிக்கொண்டே இருந்தன. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. மடங்குவதும் கழலுவதும் இரண்டு வெவ்வேறு அமைப்புகளாக இருக்க, இரண்டையும் ஒரே பெயரால் விற்கிறார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் உள்ள அந்தக் குழப்பத்தை நாமும் ‘இருநிலை’ என்று மொழிபெயர்த்து வைத்துக்கொள்ள வேண்டுமா?

அமைப்பு வேறுபாடு நேற்று வந்ததும் அன்று. விசைப்பலகையைக் கழற்றக்கூடிய காம்பாக் டிசி1000 என்னும் கணினி 2002இலேயே விற்பனைக்கு வந்தது. ஏசஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மர் 2011இல் வந்தது. அதன் விசைப்பலகைக்குள் கூடுதல் மின்கலமும் இருந்தது. மறுபுறம், 2012இல் லெனோவோவின் யோகா முழுவட்டம் மடங்கும் கீலைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் வரிசையில், திரைக்குப் பின்னாலேயே கணினி முழுவதும் அடங்கிவிட, விசைப்பலகை காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உறையாகச் சுருங்கிவிட்டது. 2014இல் வந்த சர்ஃபேஸ் புரோ 3 உறை இல்லாமல் ஏறத்தாழ 800 கிராம்தான். என் முன்கையில் உட்கார்ந்திருந்ததில் ஏறக்குறையப் பாதி எடை. ஐம்பது நிமிட வகுப்புக்கு இந்த வேறுபாடு போதும், போதாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பலகைக் கணினி என்ற சொல்லின்மீது எனக்குப் பெரிய ஆசை இருந்தது. சிலேட்டுப் பலகையில் அகரம் எழுதிய நமக்கு இதைவிட இயல்பான பெயர் கிடைக்குமா? புலவருக்குத் தக்கபடி நீண்டு இடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் சங்கப் பலகைகூட நினைவுக்கு வந்தது. ஆனால் கையேட்டில் எழுதிப் பார்த்தபோது, ‘பலகையைக் கழற்றியபின் பலகையில் எழுதலாம்’ என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. விசைப்பலகை என்ற சொல்லில் நாம் பலகையை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம். கழலும் பலகை என்று யாரிடம் சொன்னாலும், அவர் நினைப்பது விசைப்பலகையைத்தான். மீதமிருக்கும் திரையை அன்று. கையடக்கக் கணினி என்று செய்தித்தாள்களில் ஓடும் சொல்லுக்கும் இதே கதி: பன்னிரண்டு, பதின்மூன்று அங்குலத் திரை யார் கையில் அடங்கும்? டேப்லெட் என்றே வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் விசைப்பலகை கழலுமா, மடங்குமா என்ற கேள்விக்கு அதுவும் விடை சொல்லாது.

இனி பிரிகணினி. சொல் அழகாக இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் பிரித்தல் என்பது நம் பேச்சில் ஒரு பொருளைப் பகுதி பகுதியாக்குவதையும் குறிக்கும். பழுது பார்ப்பவர் கணினியைப் பிரித்துப் போட்டிருக்கிறார் என்றால், திருகாணிகள் ஒரு கிண்ணத்தில் கிடக்கின்றன என்று பொருள். ஆகவே நான் முன்வைக்கும் சொல் கழல்கணினி. கழன்ற, கழல்கின்ற, கழலும் கணினி என்று முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை இது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, லகரமும் திரியாது. கொல்களிறு எப்படி நிற்கிறதோ அப்படியே கழல்கணினியும் நிற்கும். யாராவது திருத்துவதாக நினைத்துக் கழற்கணினி என்று எழுதினால், அது காலில் அணியும் கழலோடு சேர்ந்து வீரர்களின் கணினி ஆகிவிடும். இந்த ஒற்று விளையாட்டு நமக்குப் புதிதும் அன்று. மடியில் வைப்பதால் மடிக்கணினி என்று ககரம் மிகுகிறது. அந்த ஒற்றை எடுத்துவிட்டால் மடிகணினி, அதாவது மடிந்த, மடிகின்ற, மடியும் கணினி. உண்மையில் முழுவட்டம் மடங்கும் வகைக்கு அதுவே இலக்கணப்படி சரியான பெயர். ஆனால் ஓர் ஒற்றை நம்பிக் கடைக்குப் போகச் சொல்ல முடியாது, மடிதல் என்றால் இறத்தல் என்றும் பொருள் உண்டு. அதற்கு மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி என்று மக்கள் வைத்திருக்கும் வழியில் மடக்குகணினி என்று வைக்கலாம்.

கையேட்டில் வரும் வேறு இரண்டு சொற்களையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். எழுதும் கோலுக்கு எழுத்தாணி என்பதை ஏற்கிறேன், ஆனால் எல்லாக் கோலுக்கும் அன்று. ரப்பர் முனை வைத்து மலிவாக விற்கும் கோல், விரலுக்குப் பதிலாகத் திரையைத் தொடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது; அழுத்தி எழுதினாலும் மெல்ல எழுதினாலும் ஒரே தடிமன்தான். அதைத் தொடுகோல் என்போம். திரைக்குப் பின்னால் எழுத்தாணியை உணரும் அடுக்கு தனியாக இருக்கும் கணினிகள் வேறு. வாக்கம் நிறுவனத்தின் முறையில், அந்த அடுக்கு மின்காந்த அலையை அனுப்ப, எழுத்தாணிக்குள் இருக்கும் சுருள் அதற்கு ஒத்ததிர்ந்து விடை அனுப்புகிறது. எழுதுவதற்கு எழுத்தாணியில் மின்கலமே தேவையில்லை. சாம்சங்கின் எழுத்தாணிகள் இவ்வகை. முதல் இரண்டு சர்ஃபேஸ் புரோக்களும் இவ்வகைதான். மூன்றாவதிலிருந்து மின்கலம் வேண்டும் முறைக்கு மாறிவிட்டார்கள். 2015இல் ஐபேட் புரோவோடு வந்த ஆப்பிள் பென்சிலுக்கும் மின்னேற்ற வேண்டும். ஒரு கணினியின் எழுத்தாணி மற்றொன்றில் எழுதும் என்று நம்பி வாங்கக் கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மற்றொன்று, எழுதும்போது திரையில் படும் உள்ளங்கையைக் கணினி பொருட்படுத்தாமல் விடும் வசதி. உள்ளங்கை நிராகரிப்பு என்று ஓரிடத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். படித்ததும் யாரோ பிச்சை கேட்டு மறுக்கப்பட்டதுபோல் இருந்தது. அது கணினி செய்யும் வேலையின் பெயர். எழுதுபவர் செய்வது என்ன? கையை ஊன்றி எழுதுகிறார். ‘ழ’வின் கீழ்ச்சுழியைத் திரும்பி வளைக்க வேண்டுமானால் சுண்டுவிரல் பக்கம் எங்காவது ஊன்றியே ஆக வேண்டும், அந்தரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு எழுதிய ‘ழ’ எனக்கே ‘மு’வாகத் தெரிந்தது. எனவே கையூன்று வசதி என்கிறேன். ‘கையூன்ற விடுமா?’ என்று கடையிலும் கேட்கலாம்.

கருத்துகளை எதிர்நோக்கும்,
மதுரையிலிருந்து

* * *

அன்பின் ஐயா,

தங்களின் நீண்ட மடலை இருமுறை வாசித்தேன். கையூன்று வசதி மிக நல்ல சொல். என் மாணவிகளிடம் சொன்னபோது ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தொடுகோல் பற்றி மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை: தமிழ்நாட்டுக் கணித நூல்களில் தொடுகோடு என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா? தாங்களோ கணித ஆசிரியர். வட்டத்துக்குத் தொடுகோடு வரையத் தொடுகோலை எடுங்கள் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிறகு முடிவெடுக்கலாம்.

கழல்கணினியில்தான் எனக்கு உடன்பாடில்லை. கொல்களிற்றை வைத்துத் தாங்கள் காட்டிய இலக்கணம் சரியே. ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் கதைக்கும்போது ஒருவரைக் ‘கழண்டது’ என்றால், அவருடைய புத்தி தடம் மாறிவிட்டது என்று பொருள். உங்கள் பக்கத்திலும் மறை கழன்றவர் என்று சொல்வார்கள் என அறிகிறேன். அதை விடுவோம், பகிடி சில நாட்களில் பழகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் வினையிலேயே இருக்கிறது. வண்டியின் சக்கரம் கழன்றது, வளையல் கழன்று விழுந்தது, பல் கழன்றது என்றெல்லாம் சொல்லும்போது, நாம் விரும்பாமல் தானாக நடந்த ஒன்றைத்தான் சொல்கிறோம். கழல்கணினி என்ற பெயரைப் பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் சொல்லி என்ன விளங்குகிறது என்று கேட்டேன். ‘கையில் தூக்கினால் கழன்று விழுந்துவிடுமா?’ என்று கேட்டார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு இது ஆகாது.

இன்னொரு ஐயம். எது கழல்கிறது என்பதைத் தங்களின் சொல் சொல்லவில்லை. தாங்கள் காட்டிய கணினிகளில் விசைப்பலகை கழல்கிறது. 2015இல் வந்த சர்ஃபேஸ் புக்கில் நிலைமை தலைகீழ்: கனமான அடிப்பகுதியில் பெரிய மின்கலம் இருக்க, ஒரு விசையை அழுத்தியதும் திரைதான் விடுபட்டு வந்தது. திரையில் இருந்த மின்கலம் சிறியது, ஆகவே தனியாக நெடுநேரம் உழைக்காது. இரண்டையும் ஒரே பெயரில் அடக்கினால், வாங்குபவர் மறுபடியும் ஏமாறமாட்டாரா? இதையும் சேர்த்து யோசித்து எழுதுங்கள். பிரிகணினியைக் கைவிடுவதற்குத் தாங்கள் சொன்ன காரணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

மதிப்பிற்குரிய அம்மா,

தொடுகோலைப் பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி. நேற்று வகுப்பில் வாய் தவறிச் சொல்லியே விட்டேன், கடைசி பெஞ்சு வரை சிரித்தார்கள். அதை எடுத்துவிட்டு ரப்பர் முனைக் கோல் என்றே எழுதுகிறேன்.

கழலுதல் தானாக நடப்பது என்று நீங்கள் சொன்னபிறகு, இவ்வளவு இலக்கணம் பேசிய நான் தன்வினை, பிறவினையைக் கோட்டை விட்டது வெட்கமாக இருந்தது. தானாகக் கழல்வது தன்வினை. நாம் கழற்றுவது பிறவினை. அப்படியானால் கழற்றுகணினி என்றே வைத்துவிடலாமே. குடிக்கும் நீரைக் குடிநீர் என்பதுபோல், எழுதும் கோலை எழுதுகோல் என்பதுபோல், கழற்றிக்கொள்ளும் கணினி கழற்றுகணினி. கழற்றுபவர் உரிமையாளர் என்பது சொல்லிலேயே இருப்பதால், விழுந்துவிடுமோ என்ற பயம் எழாது. மக்கள் பேச்சிலும் ‘கழட்டி மாட்டுற மாதிரி இருக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். மடக்குகணினியும் பிறவினையே ஆகையால், இரண்டும் இணையாக, இரண்டுமே ஒற்று மிகாமல் நிற்கும். ஓர் எழுத்து கூடுவது உண்மை, ஆனால் ஏழெட்டு எழுத்துச் சொல்லை நாம் பேசாமலா இருக்கிறோம்?

எது கழல்கிறது என்ற இரண்டாவது ஐயத்தைப் பெயருக்குள் தீர்க்க நான் முயலவில்லை. அடிப்பகுதியிலும் மின்கலம் வைத்த அந்த வரிசை 2020இல் வந்த மூன்றாவது படைப்போடு நின்றுவிட்டது. இப்போது கடைகளில் பெரும்பாலும் இருப்பவை, கணினி முழுவதும் திரைக்குப் பின்னால் உள்ளவைதாம். ஒருவேளை பழைய கணினி வாங்குபவர் இருந்தால், அவருக்குக் கையேட்டில் ஒரு வரி போதும். எழுத்தாணி ஏற்குமா என்பதையும் பெயரில் திணிக்காமல் தனி வரியாகவே வைத்திருக்கிறேன், ஏனென்றால் கழற்ற முடிந்தும் எழுத்தாணியை உணராத மலிவான வகைகள் நிறைய உண்டு.

ஆகவே முதல் பக்கத்தின் வரைவு இப்படி நிற்கிறது: ‘நின்றுகொண்டு, கையில் ஏந்தி எழுதுபவர் கழற்றுகணினியைப் பார்க்கவும். மேசையில் வைத்தே எழுதுபவருக்கும், பயணத்தில் மடியில் வைத்து நெடுநேரம் தட்டச்சு செய்பவருக்கும் மடக்குகணினி நல்லது. கழற்றுகணினியின் மெல்லிய விசைப்பலகையும் பின்னால் முட்டுக்கொடுக்கும் தகடும் மடியில் நிலையாக நிற்பதில்லை. எதுவானாலும் எழுத்தாணியை உணரும் திரையா, கையூன்ற விடுமா என்று ‘ழ’ எழுதிப் பார்க்கவும். விசைப்பலகையும் எழுத்தாணியும் பெட்டியிலேயே உள்ளனவா, தனி விலையா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்கவும்.’

இதில் ‘முட்டுக்கொடுக்கும் தகடு’ என்பது எனக்கே நீளமாகப் படுகிறது. உங்கள் பக்கத்தில் அதற்கு ஏதாவது சொல் புழங்குகிறதா?

நன்றியுடன்,
மதுரையிலிருந்து