புதுப்பிப்பு: ஜிங்க் பிளேட்டிங் போல்ட்டுகள் உடைந்த விஷயம்

12.9 தர (மிக அதிக வலிமையுள்ள எஃகு) போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு) போட்டு இறுக்கிய மறுநாளே தலை தெறித்து விழுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. துரு எடுக்க ஆசிட்டில் ஊறவைத்தபோதும், பிளேட்டிங் தொட்டியிலும் உண்டான ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைத்திருக்கிறது. வெளியே பளபளவென்றுதான் இருக்கும், அதுதான் பயம்.

இப்போது ஆசிட்டை விட்டுவிட்டு, சின்னச் சின்ன உலோகக் குண்டுகளை வேகமாக அடித்துத் துரு எடுக்கும் ஷாட் பிளாஸ்டிங்குக்கு மாறிவிட்டோம். 1870-இல் டில்மன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சாண்ட் பிளாஸ்டிங்கின் (மணலை வேகமாக அடிப்பது) வழிவந்த முறை. பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் ஓவனில் ஏற்றி, உள்ளே புகுந்த ஹைட்ரஜன் வெளியேற, சுமார் 200 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைக்கிறோம். பாசிவேஷன் (ஜிங்க் மேல் ரசாயனத்தால் பாதுகாப்புப் படலம் ஏற்றுவது) அதற்கு அப்புறம்தான். முன்னாலேயே செய்தால் அந்தப் படலம் சூட்டில் கெட்டுவிடும்.

மூன்று வாரமாக ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு லாட்டிலும் சிலவற்றை இறுக்கி, இரண்டு நாள் பார்த்துவிட்டே அனுப்புகிறோம்.