மறு: வினைல் நெசவுத்தரை, துப்புரவுக் கையேட்டுக்கான சொற்கள்

அன்பு நண்பர்களுக்கு,

கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி இந்த மின்னஞ்சல் இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். நல்ல சொற்கள் பல வந்திருக்கின்றன. ஆனால் பாதிப் பேர் விற்பனை விளம்பரத்தை மனதில் வைத்து எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. நம் கையில் இருப்பது, வினைல் என்ற நெகிழி பூசிய நூலால் நெய்த தரையைச் சுத்தம் செய்யும் துப்புரவுப் பணியாளருக்கான கையேடு. அலுவலகம், ஹோட்டல் தாழ்வாரம், காத்திருப்புக் கூடம், கடை என்று ஆள் நடமாட்டம் ஓயாத கட்டடங்களில் இந்தத் தரை போடப்படுகிறது. எல்லோரும் போனபின் அதைச் சுத்தம் செய்ய வருபவர், பெயரைப் படித்ததும் எந்த மெஷினை எடுப்பார், வாளியில் எதை ஊற்றுவார் என்று யோசித்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டேன். கீழே வரிக்கு வரி பதில் எழுதியிருக்கிறேன்.

> 'நெகிழிக் கம்பளம்' என்றால் எல்லோருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கம்பளம் என்று படித்தவர் ஷாம்பு ஊற்றி நுரை பொங்கத் தேய்ப்பார். கம்பளத்தில் நூல்கள் மயிர்போல நிமிர்ந்து நிற்கும். இதில் அப்படி எதுவும் இல்லை, நூல்கள் படுத்தபடி பின்னிக் கிடக்கின்றன. நுரை அவற்றுக்கு நடுவே இறங்கித் தங்கிவிடும். எடுக்காமல் விட்டால் காய்ந்து பிசுபிசுப்பாகி, அடுத்த நாள் வரும் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

> சரி, 'வினைல் தரை' போதுமே. அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது இந்தப் பரிந்துரைதான். வழவழப்பான வினைல் தரையைப் பராமரித்துப் பழகியவர்கள் அதன்மேல் மெருகுப்பூச்சு ஏற்றுவது வழக்கம். பூச்சு தேய்ந்ததும் உரித்துவிட்டு மறுபடி பூசுவார்கள். அதையே நெய்த தரையில் செய்தால் பூச்சு நூல்களுக்கு நடுவே பாய்ந்து கெட்டியாகிவிடும். மேலே நடக்க நடக்கத் தேயும், உள்ளே இருப்பது அப்படியே நின்று அழுக்கைப் பூட்டி வைக்கும். உரிக்கும் திரவமும் சீராக உள்ளே இறங்காது, இறங்கினாலும் முழுதாக வெளியே வராது. இந்தத் தரைக்கு மெழுகும் மெருகும் வேண்டவே வேண்டாம் என்பது கையேட்டின் முதல் விதி. பெயரே அந்த விதிக்கு எதிராக நிற்கக் கூடாது.

பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம். கண்ணாடி இழையையோ பாலியெஸ்டர் நூலையோ நடுவில் வைத்து, அதைச் சுற்றி வினைல் பூசுகிறார்கள். அந்த நூலைத் தறியில் ஏற்றிப் பாவும் (நீள நூல்) ஊடுமாக (குறுக்கு நூல்) நெய்கிறார்கள். நெய்ததை அடியில் இன்னோர் அடுக்கோடு சேர்த்து ஒட்டுகிறார்கள். ரோலாகவும் வரும், 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாகவும் வரும். இத்துறையில் பெயர்பெற்ற ஸ்வீடனின் போலான் நிறுவனம், 1949-ல் துணி மிச்சங்களைக் கொண்டு கந்தல் விரிப்பு நெய்யத் தொடங்கியது. ஆக, மூலப்பொருள் வேதித் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் குணம் தறியிலிருந்து வந்தது. சுத்தம் செய்பவருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை நெசவால் வருபவை. அதனால் 'நெசவு' என்ற சொல் பெயருக்குள் இருந்தே ஆக வேண்டும்.

> 'நெய்வினைல்' என்று வினைத்தொகையாகச் சுருக்கலாமே?

இலக்கணப்படி குறை இல்லை. ஆனால் 'நெய்' என்று தொடங்கினால் வாசிப்பவர் கண்ணுக்கு உண்ணும் நெய்தான் முதலில் படும். எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றியும் பேசும் ஒரு துப்புரவுக் கையேட்டில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

'வினைல் நெசவு விரிப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினேன். கந்தல் விரிப்பிலிருந்து வந்த பொருள் என்பதால் விரிப்பு என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விரிப்பு என்றால் சுருட்டலாம், உதறலாம், வெயிலில் போடலாம். இது பெரும்பாலும் தரையோடு பசையால் ஒட்டப்பட்டது. அதிகத் தண்ணீர் விட்டால் இணைப்புகள் வழியே கீழே இறங்கிப் பசையைக் கெடுக்கும். பெயர் 'தரை' என்று முடிந்தால்தான் இது கட்டடத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் வரும். என் வாக்கு 'வினைல் நெசவுத்தரை'க்கே. அடிக்கடி வரும் இடங்களில் வெறும் 'நெசவுத்தரை' போதும்.

'கல் பாவிய தரை' என்கிறோம், தறியில் 'பாவு' என்கிறோம். இரண்டும் பரப்புதல் என்ற ஒரே பொருளைத் தொட்டு நிற்பதைப் பார்த்து 'நெசவுப்பாவல்' என்று ஒரு சொல்லைக்கூட எழுதிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் இரவு வேலைக்கு வருபவரை நிறுத்தி யோசிக்கவைக்கும். விட்டுவிட்டேன்.

அடுத்து, கையேட்டில் அதிகம் புழங்கப்போகும் சொல். நூலுக்கும் நூலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை என்னவென்று சொல்வது? 'நெசவுக்குழிவு', 'நூலிடைப் பள்ளம்', 'இழைத்துளை' என்று மூன்று வந்திருக்கின்றன. துளை சரியில்லை, அது மறுபக்கம் வரை போகும் என்று பொருள்படும். மற்ற இரண்டும் பொருள் அளவில் சரி. ஆனாலும் அழுக்கு ஒளியும் இடத்துக்கு நாம் வீட்டில் சொல்லும் சொல் இருக்கிறதே: இடுக்கு. 'இழையிடுக்கு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. விளக்கம் தேவைப்படாத சொல் அது.

இந்தச் சொல்லுக்காக நான் வாதாடக் காரணம், மொத்தப் பராமரிப்பும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. மாப் நூல்களின் முதுகை மட்டும் தடவிக்கொண்டு போகும். அழுக்குத் தண்ணீர் இழையிடுக்கில் இறங்கிக் காயும். துடைத்தவுடன் தரை பளிச்சென்று இருக்கும், சில வாரங்களில் ஆட்கள் நடக்கும் பாதை மட்டும் கறுத்துத் தெரியும். உடனே துடைக்கவில்லை என்று பணியாளர் மேல் பழி விழும். அவர் துடைத்திருப்பார், அந்தத் தரைக்கு ஒவ்வாத வழியில் துடைக்கச் சொல்லியிருப்பார்கள். கையேட்டின் தமிழ் இதைத் தெளிவாகச் சொன்னால் அவருக்கு அது ஒரு பாதுகாப்பும்கூட.

எனவே முதல் வேலை ஈரம் படாமல் நடக்க வேண்டும். சுழலும் பிரஷ் பொருத்திய தூசி உறிஞ்சியால் இழையிடுக்கிலிருந்து மண்ணை எடுத்த பிறகுதான் தண்ணீர். மண்ணோடு தண்ணீர் சேர்ந்தால் சேறாகி இன்னும் இறுகும். நுண்மணல் அங்கேயே கிடந்தாலும் கேடுதான், ஒவ்வொரு காலடியிலும் அது உப்புத்தாள் போல நூலின் வினைல் பூச்சைத் தேய்க்கும். 'தூசி உறிஞ்சி' என்ற சொல்லை யாரும் மறுக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். 'வேக்குவம்' என்று ஒருமுறை சேர்த்து எழுதினால் போதும்.

> மெஷின் பெயர்கள்: 'உருளைத் தூரிகைப் பொறி', 'ஒற்றைத்தட்டுச் சுழற்பொறி'. சரியா?

தூரிகை என்றால் ஓவியம்தான் நினைவுக்கு வருகிறது. தேய்த்துச் சுத்தம் செய்வதற்கு நம்மிடம் 'துலக்குதல்' இருக்கிறது. பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம். தரை மட்டும் ஏன் விதிவிலக்கு? 'உருளைத் துலக்கி', 'தட்டுத் துலக்கி' என்ற இணையை முன்வைக்கிறேன். இரண்டையும் பெயரிலேயே பிரித்துக் காட்டுவது முக்கியம். தட்டுத் துலக்கி அடியில் தேய்ப்பதற்கான ஒரு வட்டப் பட்டையோடு (பேட்) தரைக்கு இணையாகச் சுழல்கிறது, அதனால் நூல் முதுகை மட்டுமே தொடும். முரட்டுப் பட்டை மாட்டினால் பூச்சையே சுரண்டிவிடும். உருளைத் துலக்கியில் பிரஷ் உருளை வடிவில் படுத்துச் சுழல்வதால், மயிர்கள் மேலிருந்து இழையிடுக்குக்குள் நுழைந்து அழுக்கைக் கிளறி வெளியே எடுக்கும். எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் உள்ளவை இன்னும் நன்றாக வேலை செய்யும்.

இந்தப் பெரிய சுத்தத்துக்கு 'ஆழ்தூய்மை' என்று வரைவில் இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. அங்கே போவது அடியில் தங்கிய அழுக்கு, ஆகவே 'அடியழுக்கு நீக்கம்' என்றே சொல்லலாம். அன்றாடம் செய்வது 'அன்றாடத் துப்புரவு', எப்போதாவது செய்வது 'அடியழுக்கு நீக்கம்'. இரண்டும் வேறு வேறு வேலை என்று கேட்டவுடனே தெரியும்.

> 'மீளழுக்குறல்' என்ற சொல்லை ஏற்கலாமா?

பொருள் சரி, நாவுக்குத்தான் கடினம். 'மறு அழுக்கு' போதாதா? சுத்தம் செய்த சில நாட்களிலேயே தரை முன்பைவிட வேகமாக அழுக்காவதைத்தான் அது குறிக்கிறது. காரணம் பெரும்பாலும் அலசாமல் விட்ட சோப்பு. அதைச் 'சோப்பு எச்சம்' என்று தனியாகக் குறிப்பிடுவோம், காரணத்துக்கு ஒரு சொல், விளைவுக்கு ஒரு சொல். கையேட்டில் இந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கவும் பரிந்துரைக்கிறேன்: வெறும் தண்ணீரால் அலசும்போது நுரை வந்தால் சோப்பு எச்சம் இன்னும் இருக்கிறது, நுரை நிற்கும்வரை அலசி உறிஞ்ச வேண்டும். துப்புரவுத் திரவம் நடுநிலையானதாகவோ மென்காரமாகவோ இருக்கட்டும், அளவு அதன் லேபிளில் உள்ளபடி. கொஞ்சம் கூட ஊற்றினால் கூடச் சுத்தமாகும் என்ற நம்பிக்கை இந்தத் தரையில் நேர்மாறாகத்தான் முடியும்.

இப்போது கறை. வரைவில் எல்லாமே 'கறை' என்று ஒரே சொல்லால் போகிறது. இங்கே இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன். சிந்திய காப்பி, சேறு, எண்ணெய் இவையெல்லாம் மேலே படிந்தவை. உடனே ஒற்றியெடுத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, பின் அலசினால் போய்விடும். இன்னொரு வகை அப்படியில்லை. ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதியையோ ரப்பர் சக்கரத்தையோ வினைல் மேல் நெடுநாள் வைத்தால், ரப்பரில் சேர்த்திருக்கும் சில வேதிப்பொருள்கள் மெல்ல வினைலுக்குள் ஊறி மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாற்றிவிடும். வெளியிலிருந்து காலோடு வரும் தார் எச்சமும் இப்படிச் செய்வதுண்டு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. நிறம் வினைலின் மேலே இல்லை, அதற்குள்ளே இருக்கிறது.

முதல் வகைக்குப் 'படிகறை', இரண்டாவதற்கு 'ஊறுகறை'. சுடுநீர், படர்கொடி போன்ற வினைத்தொகைகள்தாம் இரண்டும். ஊறு என்பதற்குக் கேடு என்ற பொருளும் உண்டு, அதுவும் இங்கே பொருந்துகிறது. இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். போகாத கறையைப் போக்கியே தீருவேன் என்று ஒருவர் அசிட்டோனை எடுப்பார். அசிட்டோன் வினைலை இளக்கிவிடும், கறை இருந்த இடத்தில் சொரசொரப்பான வடு வந்துவிடும். ப்ளீச்சை எடுத்தால் நிறம் வெளுக்கலாம். நீராவியும் வேண்டாம், வினைல் சூட்டில் இளகி வடிவம் மாறும், அடியில் உள்ள பசையும் விட்டுப்போகலாம். 'ஊறுகறையைத் தேய்க்க வேண்டாம், மேற்பார்வையாளரிடம் சொல்லவும்' என்று கையேட்டில் ஒரே வரி இருந்தால் தரை பிழைக்கும்.

> வெட்டு விளிம்பில் நூல் எழும்புவதற்கு 'இழையவிழ்வு'?

தையற்காரர்கள் சொல்லும் 'பிசிறு' இருக்கும்போது புதிதாக எதற்கு? 'ஓரப்பிசிறு' என்று வைத்துக்கொள்ளலாம். பிசிறைப் பிடித்து இழுக்கக் கூடாது, கத்தரிக்கோலால் ஒட்ட வெட்ட வேண்டும் என்பதையும் அதனுடனே எழுதிவிடுவோம். இழுத்தால் நெசவே பிரியும்.

வாசலில் போடுவதற்குக் 'கால்மிதி' என்ற சொல்லே போதும். 'நுழைவாயில் அழுக்குத் தடுப்பு அமைப்பு' என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு மிதி போதாது, பல எட்டுகள் நடந்து கடக்கும் நீளம் வேண்டும் என்று உரைப்பகுதியில் சொல்ல வேண்டும். அடிப்பாகம் ரப்பராக இருக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே வரட்டும்.

'பின்புற ஆதாரம்' என்று வரைவில் உள்ளதை 'அடியடுக்கு' என்று மாற்றியிருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

கடைசியாக, எனக்கு முடிவு தெரியாத ஒன்று. உருளைத் துலக்கியை ஒரே திசையில் ஓட்டினால் அந்தத் திசையில் ஓடும் இடுக்குகள் மட்டுமே நன்றாகச் சுத்தமாகும். குறுக்கேயும் ஒருமுறை ஓட்ட வேண்டும். நீளவாக்கு, அகலவாக்கு என்று எழுதினால் அறையின் நீள அகலம் என்று நினைத்துவிடுவார்கள். துண்டுகளைத் திசை மாற்றி மாற்றி ஒட்டியிருக்கும் தரையில் அது பொருந்தவும் பொருந்தாது. 'பாவுவாக்கு', 'ஊடுவாக்கு' என்று எழுதிப் பார்த்தேன். நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். ஊடு, ஊடை இரண்டில் எது இன்னும் பேச்சில் இருக்கிறது? நெசவு தெரியாதவர் காதில் எது எளிதாக விழும்? உங்கள் பதில் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருத்தி, முழு வரைவையும் குழுவுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்