மறு: ஃபர்ம்வேருக்கு நிலைபொருள் சரிதானா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஃபர்ம்வேருக்கு, அதாவது வன்பொருளை ஓட்டுறதுக்குன்னே அதோட சேந்து இருக்கற நிரலுக்கு, தமிழ்ல 'நிலைபொருள்'னே வச்சுக்கலாமான்னு நம்ம மொழிபெயர்ப்புக் குழுவுல இழை ஓடிக்கிட்டே இருக்கு, நானும் படிச்சுக்கிட்டேதான் இருக்கேன், வேலைல மாட்டிக்கிட்டதால இப்பதான் உக்காந்து எழுத முடிஞ்சுது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

> நிலைபொருள்னு ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்துல இருக்கு. அதை மாத்தி ஏன் குழப்பணும்?

அண்ணே, போன மாசம் வரைக்கும் நானும் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். அக்கா பொண்ணு செகண்ட்ஸ்ல ஒரு லேப்டாப் வாங்கி, விண்டோஸையும் வச்சுக்கிட்டு பக்கத்துலயே லினக்ஸையும் போட்டிருந்தா. "மாமா, ப்ளூடூத் சில நாள் வேலை செய்யுது, சில நாள் செய்யல"ன்னா. சில நாள் செய்யுற கோளாறை விட மோசமானது உலகத்துல கிடையாது, சுத்தமாச் செத்துப் போனதைக் கூட கண்டுபிடிச்சிடலாம். நான் ஃபோன்லயே இயக்கியை (டிரைவரை) தூக்கிட்டு மறுபடி போடுன்னேன், கெர்னலை (லினக்ஸோட மையப் பகுதியை) மாத்துன்னேன், ரெண்டு சாயங்காலம் போச்சு. எந்தெந்த இயக்கி ஏறியிருக்குன்னு காட்டுற எல்எஸ்மாட் கட்டளையைப் போட்டுப் பாத்தா இயக்கி சமத்தா லோட் ஆகி உக்காந்திருக்கு. கடைசில அவளேதான் பிடிச்சா. விண்டோஸ்லேர்ந்து ரீஸ்டார்ட் குடுத்து லினக்ஸுக்கு வந்தா ப்ளூடூத் இருக்கு, ஷட்டவுன் பண்ணிட்டு காலைல நேரா லினக்ஸை ஆன் பண்ணா இல்ல.

அப்புறம் கெர்னலோட செய்திகளைக் காட்டுற டிமெசேஜ்ல தேடினா ஒரு வரி கிடைச்சுது, 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்'னு ஆரம்பிச்சு 'ஃபெயில்ட் வித் எரர் மைனஸ் 2'ன்னு முடியும். மைனஸ் 2ன்னா வேற ஒன்னும் இல்ல, கேட்ட கோப்பு அங்க இல்லன்னு அர்த்தம். அந்த ப்ளூடூத் சிப்புக்குன்னு தனியா ஒரு நிரல் உண்டு, கரண்ட் வந்ததும் இயக்கி அதை டிஸ்க்லேர்ந்து எடுத்து சிப்போட சொந்த மெமரிக்குள்ள ஏத்தணும். விண்டோஸ் ஏத்தி வச்சிருந்தது ரீஸ்டார்ட்ல கரண்ட் போகாததால அப்படியே தங்கியிருந்திருக்கு, ஷட்டவுன் பண்ணா அழிஞ்சு போச்சு. லினக்ஸ் பக்கம் அந்த நிரல் இருக்கற பொதியே (பேக்கேஜே) போடல. போட்டதும் சரியாயிடுச்சு, அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப சொல்லுங்க, ஸ்விட்ச்சை அணைச்சா காணாமப் போற ஒன்னுக்கு 'நிலைபொருள்'னு பேரு! நிலைத்த பொருள், நிலைக்கின்ற பொருள், நிலைக்கும் பொருள், முக்காலத்துக்கும் பொருந்துற வினைத்தொகை, இலக்கணம் எல்லாம் ஜோரா இருக்கு (அதனாலதான் நடுவுல ப் போடக் கூடாது, நம்ம மொழிபெயர்ப்புக் கோப்புல பாதி இடத்துல நிலைப்பொருள்னு கெடக்கு, அது வேற கதை). ஆனா அந்தப் பேரைப் படிக்கிற பொண்ணு, அது ஃபேக்டரிலயே பதிச்சு வந்ததுன்னுதான் நினைப்பா, டிஸ்க்ல தேடணும்னே தோணாது. தேட வேண்டிய இடத்தை மறைக்கிற சொல்லை வச்சு என்ன பண்றது.

> ஆங்கிலத்திலும் ஃபர்ம் என்றால் உறுதி, நிலைத்தது என்றுதானே பொருள்?

அங்கயும் அப்படி இல்ல ஐயா. 1967ல ஆஷர் ஓப்ளர் டேட்டாமேஷன் பத்திரிகைல அந்தச் சொல்லைப் போட்டப்போ அவர் சொன்னது ப்ராசஸருக்குள்ள இருக்கற மைக்ரோகோடை (அதோட கட்டளைகளை நடத்திவைக்கிற அடிமட்ட நிரலை) பத்தி, அதுவும் தேவைப்பட்டா மாத்தி எழுதக் கூடிய மெமரில இருக்கறதை. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவுல இருக்குன்னு காட்டத்தான் அந்தப் பேரு.

இதைத் தொட்டு இன்னொன்னு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை (எஃப்எஸ்எஃப்) சாதனங்களுக்குக் குடுக்குற 'உங்கள் சுதந்திரத்தை மதிக்கிறது' சான்றிதழ் இருக்கில்லையா, அதுல ஒரு விலக்கு உண்டு. சாதனத்துக்குள்ள துணைச் சில்லுல பதிச்சு, வாங்கினவர் மாத்துற மாதிரி இல்லாததா இருந்தா அதை வன்பொருளாவே எடுத்துக்குவாங்க. நாம கட்டற்றதா (யாரும் மூலநிரலைப் பாத்து, மாத்தி, பகிரலாம்னு இருக்கறதா) இல்லையான்னு சண்டை போடுறது கோப்பா வந்து ஏறுற வகையைப் பத்தி. அதாவது உண்மையிலேயே நிலையா இருக்கறதைக் கண்டுக்காம விட்டுடுறோம், நிலையில்லாததுக்குத்தான் நிலைபொருள்னு பேரு வச்சு விவாதம் பண்றோம், கூத்துதான்.

டெபியன்ங்கற லினக்ஸ் வகையை உருவாக்குறவங்க 2022 அக்டோபர்ல ஓட்டுப் போட்டு முடிச்சு, 2023 ஜூன்ல வந்த 12ஆம் பதிப்புலேர்ந்து கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை நிறுவி வட்டுலயே சேத்துட்டாங்க, தனிப் பிரிவாவும் வச்சிருக்காங்க. அந்தப் பிரிவுப் பேரைத் தமிழ்ல போடணும்னுதானே இந்த இழையே ஆரம்பிச்சுது. 'கட்டற்றதல்லாத நிலைபொருள்'னு போட்டா எனக்கே மூச்சு வாங்குது. முதல் சொல்லுக்கு 'கட்டுடைய'ன்னு யாரோ சொன்னாங்க, நல்லாருக்கு, அதுக்குத் தனி இழை போடலாம்.

நான் முன்வைக்கிறது சில்லுநிரல். நிரல் எல்லாருக்கும் தெரியும், எந்த நிரல்னா சில்லோட நிரல். கெர்னல்ல ஓடுறது இயக்கி, சாதனத்துச் சில்லுல ஓடுறது சில்லுநிரல், ரெண்டும் வேற வேறன்னு பேரே சொல்லிடும்.

> பயாஸும் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற நிரல்) ஃபர்ம்வேர்தான். அது மெயின் ப்ராசஸர்ல ஓடுது, சாதனத்துல இல்ல. உங்க விளக்கம் அங்க உடையுதே.

உடையுது, ஒத்துக்கறேன். நல்ல கேள்வி, ஒரு நாள் யோசிச்சேன். ஓடுற இடத்தை வச்சுப் பாத்தா பயாஸ் ஒத்து வராது. ஆனா அது குடியிருக்கறது மதர்போர்டுல இருக்கற ஒரு சின்ன ஃப்ளாஷ் சில்லுல. சில்லுல இருக்கற நிரல்னாலும் சில்லுல ஓடுற நிரல்னாலும் தொகையை விரிச்சா ரெண்டும் வரும், வேற்றுமைத்தொகைக்கு அந்த இடம் உண்டு. கொஞ்சம் இழுத்துக் கட்டுறேன்னு தெரியுது, ஆனா 'சாதன நிரல்'னு வச்சா சாதன இயக்கியோட போய் முட்டிக்கும், 'உள்நிரல்'னா ப்ரோக்ராம் எழுதுறவங்க சப்ரொட்டீன்னு (நிரலுக்குள்ள கூப்பிட்டுக்கற துணை நிரல்னு) நினைப்பாங்க.

> சில்லெண்டா எங்களுக்கு சைக்கிள் சில்லுதான் ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணத்துத் தோழர் எழுதினதைப் படிச்சுட்டு சிரிச்சேன். எங்க ஊர்ல சில்லுன்னா பாண்டி ஆடுறப்ப கட்டத்துக்குள்ள எறியிற ஓட்டுத்துண்டு, இல்ல தேங்காச் சில்லு. சிலிக்கான்லேர்ந்து வெட்டின துண்டுக்கு அந்தச் சில்லு பொருத்தமாத்தான் இருக்கு, சிப்புக்கு ஒலியும் ஒட்டி வருது. ஆனா சக்கரத்தை நினைக்கிறவங்களுக்கு சில்லுநிரல் எப்படிக் கேக்கும்னு நான் முடிவு பண்ண முடியாது, அங்கேர்ந்து இன்னும் நாலு பேர் சொன்னா தேவலை.

நம்ம குழுவோட வன்பொருள் வாங்குற வழிகாட்டியிலயும் இந்தச் சொல் வேணும். இப்ப அதுல 'லினக்ஸில் இயங்கும்'னு ஒரே கட்டம்தான் இருக்கு, அது பத்தாது. ஏத்தெரோஸ் கம்பெனியோட பழைய பிசிஐ வைஃபை அட்டைகள், ஏடிஎச்9கேங்கற இயக்கில ஓடுறது, அதுக்குக் கோப்பு எதுவும் ஏத்தவே வேணாம். அதே குடும்பத்து யுஎஸ்பி வகைக்கு ஏத்தணும், ஆனா அதோட மூலநிரலை 2013லயே திறந்து விட்டுட்டாங்க. வேற நிறைய அட்டைக்கு மூடின கோப்புதான். சில்லுநிரல் வேண்டாம், கட்டற்ற சில்லுநிரல், கட்டுடைய சில்லுநிரல்னு மூணு கட்டம் போட்டா வாங்குறவங்களுக்கு கடைலயே தெரிஞ்சிடும். ஏடிஎச்9கே அட்டை பழைய வைஃபை தரமான 802.11n வேகம்தான் குடுக்கும், அதையும் எழுதிடுங்க, இல்லன்னா வாங்கிட்டு வந்து நம்மளைத்தான் திட்டுவாங்க.

பிழைச்செய்திக்கு இப்படி ஒன்னு எழுதி வச்சிருக்கேன்: "ப்ளூடூத் இயக்கி ஏற்றப்பட்டது. சில்லுநிரல் கோப்பு கிடைக்கவில்லை." அக்கா பொண்ணுகிட்ட காட்டினேன். "எந்தப் பொதியைப் போடணும்னு அதுலயே சொல்லக் கூடாதா மாமா"ன்னு கேட்டா. அதுக்கும் ஒரு வழு (பக்) பதிஞ்சு வைக்கணும், யாராவது பதியிறீங்களா?