புதுப்பிப்பு: நிகழ்தகவு வகுப்பில் தாயக்கட்டை

காரைக்குடிப் பக்கம் எங்கள் பள்ளியில், கணக்கு வகுப்பில் யாருக்கு எத்தனை புள்ளி என்று பலகை மாட்டலாமா எனக் கேட்டிருந்தேனே, கடைசிப் பெஞ்சு சோர்ந்துவிடும் என்று பலர் சொன்னீர்கள். சரி, குழுவாகப் பிரித்தாயிற்று.

அப்புறம் ஒரு பிள்ளை ஆயா வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவந்தது. உருட்டும் முன் என்ன விழும் என்று குழு சொல்ல வேண்டும், காரணமும் சொன்னால் கூடுதல் புள்ளி. வெறுமை, 1, 2, 3 என்று கட்டைக்கு நான்கு முகம், இரண்டு கட்டைக்கு 16 வாய்ப்பு. ஒன்றும் வெறுமையும் சேர்ந்தால் தாயம், ஆக 2/16. இரண்டுமே வெறுமையானால்தான் பன்னிரண்டு, அது 1/16. மூன்று விழத்தான் நாலு வழி என்று எழுதிக் காட்டியவன் வகுப்பில் வாயே திறக்காத பையன்!

சத்தம்தான் தாங்கவில்லை, பக்கத்து வகுப்பு டீச்சர் முறைக்கிறார். வகுத்தலுக்குப் பல்லாங்குழி யாராவது வைத்துப் பார்த்தீர்களா?